நடுவில் ஆடியவனின் கல்யாணம்

எங்கள் பக்கத்தில் உதைபந்தாட்டம் ஏன் தலையெடுக்கவில்லை என்று யாராவது பேச்சைத் தொடங்கினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சப்பாத்து இல்லை, மைதானம் இல்லை, பழக்கிவிட ஆளில்லை, கொழும்பில் இருப்பவர்கள் நம்மைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர்களில் ஒருவர்கூடக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வதில்லை.

மட்டக்களப்பில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. தாய் இருக்கும் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போய்விடும். ஆண் கல்யாணம் கட்டி மனைவியின் வீட்டுக்குப் போவான். அதன் பிறகு அதுதான் அவனுடைய வீடு, அதுதான் அவனுடைய ஊர். கல்யாணத்துக்கு முன்பு, தங்கச்சிக்குப் போகப்போகிற வீட்டின் ஒரு மூலையில் பாய் விரித்துக் கிடக்கிறான், அவ்வளவுதான். இது காலங்காலமாக உள்ள வழக்கம். நல்ல வழக்கம் என்றுகூடச் சொல்லுவேன். ஆனால் பதினொரு பேரைச் சேர்த்து ஓர் அணி கட்ட நினைக்கிறவனுக்கு இதைப் போலச் சனியன் வேறில்லை. வைகாசியில் ஒருவன் போவான், ஆவணியில் இரண்டு பேர் போவார்கள். போகும்போது எல்லோரும், "ஏலுமான நேரமெல்லாம் பந்தடிக்க வருவன்" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். திரும்பி வந்த ஒருவனை நான் கண்டதில்லை.

நான் அப்போது வாவிக்கரையில், கல்லடிக்குத் தெற்கே, ஒரு சின்ன அரசாங்க மருந்துச்சாலையில் கிளாக்கராக இருந்தேன். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காலம். வருகிற நோயாளியின் பெயர், ஊர், நோய், கொடுத்த மருந்து எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. நோய் பார்த்து மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் மேசைக்குப் பின்னால் நான்தான் ராசா.

ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து. நண்டுப் பொந்தும் ஆட்டுப் புழுக்கையுமாகக் கிடந்த ஒரு வெளியைச் செதுக்கி மைதானமாக்கினேன். பந்தின் உள்பையை, சைக்கிள் கடைக்காரரைக் கெஞ்சி, ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு வைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் பந்து போகிற பக்கமெல்லாம் எல்லோருமாகச் சேர்ந்து ஓடுவார்கள். பந்தை விடு, இடத்தைப் பிடி என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டும். நீர்ப்பாசனப் பகுதியில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, உன் ஆட்களுக்குக் காலும் இருக்கிறது, ஓட்டமும் இருக்கிறது, ஒருவனை ஒருவனுக்குத்தான் தெரியவில்லை, இதே பதினொரு பேரை மூன்று வருடம் பிரியாமல் வைத்திரு, பிறகு பார் என்றார். அவர் போனபின் எனக்கு அது வேதமாகிவிட்டது.

கோல் காத்தவன் பறங்கித் தெருவில் இரும்புப் பட்டறை வைத்திருந்தவன். இரண்டு ஓரத்திலும் ஓடியவர்கள் காத்தான்குடி நெசவுக்காரர் ஒருவரின் பிள்ளைகள். நடுவில் ஆடியவன்தான் அணியின் உயிர். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து எங்கள் எழுவான்கரைக்கு நெல் ஏற்றிவரும் தோணியில் கம்பு ஊன்றுகிறவன். பந்து தன் காலுக்கு வருமுன்பே தலையைத் தூக்கி யார் எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிடுவான். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

இரண்டு வருடம் ஆட்கள் அதிகம் பிரியாமல் நின்றார்கள். எனக்குப் பெருமை தலைக்கேறி இருந்தது. அந்த நேரம்தான் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. வெளி மாகாணங்களிலிருந்தும் அணிகளை அழைத்து அடுத்த வருடம் ஒரு போட்டி வைக்கப்போவதாக எழுதியிருந்தார்கள். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கண்டவருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

அதே மாதத்தில் ஒருநாள் நடுவில் ஆடியவன் மருந்துச்சாலைக்கு வந்து, கதவோரம் நின்று சிரித்தான்.

"ஐயா, ஒரு சங்கதி. படுவான்கரையில இருந்து கலியாணம் பேசி வந்திரிக்காங்க."

"எப்ப?"

"அறுவட முடிய. புள்ளய எனக்குத் தெரியும் ஐயா. நெல்லேத்தப் போற துறையடியில கண்டிரிக்கன்."

"கலியாணம் முடிச்சா மறுகா பந்தடிக்க வரமாட்டாய்."

"வருவன் ஐயா. ஏலுமான நேரமெல்லாம் வருவன்."

நல்லது என்று சொன்னேன். ஒருவன் சந்தோசமாக வந்து சொல்லும்போது மனதுக்குள் அவனைத் திட்டியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. நன்றி கெட்டவன் என்று திட்டினேன். அவன் எனக்கு என்ன நன்றி செலுத்த வேண்டியிருந்தது?

பத்து நாள் கழித்துப் பெண்ணின் தாய்மாமன் வந்தார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சொல்லாமல் ஒரு காரியமும் நடவாது. மருந்துக்கு வந்தவர்போல எல்லோரும் போகும்வரை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். பிறகு மேசைக்குக் கிட்ட வந்தார்.

"நீங்க புத்தகம் எழுதிறவர். அவன்ட சங்கதி உங்களுக்குத் தெரியாம இரிக்காது. எங்கட மருமகள் தகப்பன் இல்லாத புள்ள, நாந்தான் பாக்கணும். நோய்நொடி ஏதும் இரிக்கா எண்டு மட்டும் சொல்லுங்க."

புத்தகத்தில் அவன் பெயர் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. காலில் கெளிற்று மீன் முள் குத்தி வந்து மருந்து கட்டிக்கொண்டு போயிருந்தான். அதைச் சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். நான் புத்தகத்தை மூடி அதன்மேல் கையை வைத்தேன்.

"நோயாளர்ட சங்கதிய நான் வெளியில சொல்லப்படா."

அவர் முகம் மாறியது. நான் அதோடு நிற்கவில்லை.

"அவசரப்படாம ஒரு வருசம் பொறுத்துச் செய்தா நல்லம்."

"நெஞ்சு நோயா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் தலையைக் குனிந்து பேனாவை மையில் தொட்டேன். அவர் எனக்குக் கைகூப்பிவிட்டுப் போனார்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்துவை என்பார்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு கல்யாணத்தை நிறுத்தினேன். ஒரு வருடம்தானே, கொழும்புப் போட்டி முடிய நானே தோணி ஏறிப் போய் எல்லாவற்றையும் நேராக்கி வைப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மாமனை நான் மடையன் என்று எண்ணியிருக்க வேண்டும். சயரோகம் என்று சந்தேகப்பட்ட வீட்டுக்கு எந்த மடையன் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வருவான்? அறுவடை முடிந்ததும் பெண்ணை வேறிடத்தில் கொடுத்துவிட்டார்கள்.

அவன் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை வந்தான், ஆடினான். முன்பு பார்த்துப் பார்த்துக் கொடுத்தவன், இப்போது பந்தை ஆள் ஆளாக வெட்டிக்கொண்டு தானே கொண்டுபோய்க் கோலுக்குள் அடித்தான். சுற்று வட்டாரத்தில் எங்களை அடிக்க ஆளில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. சயரோகக் கதை வாவியைத் தாண்டி எங்கள் கரைக்கு வந்து சேர்ந்தது. மைதானத்தில் ஒரு குடமும் ஒரு செம்பும்தான் இருக்கும், எல்லோரும் அதில்தான் குடிப்பார்கள். ஒரு ஞாயிறு பார்த்தால் ஆளுக்கு ஆள் வீட்டிலிருந்து கோப்பை கொண்டுவந்திருந்தார்கள். அவன் செம்பை எடுத்துக் குடித்துவிட்டு வைத்தான். கொஞ்ச நேரம் யாரும் தொடவில்லை. பட்டறைக்காரன் எழுந்து போய் அதே செம்பில் அள்ளி மடமடவென்று குடித்துவிட்டு எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். நான் அந்தப் பக்கம் திரும்பி, பந்தின் நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் தாகமாகத்தான் இருந்தது.

நெல் முதலாளிமார், இருமல்காரன் தங்கள் மூட்டையில் கை வைக்கக் கூடாது என்றார்கள். அவன் இருமி ஒருவரும் கேட்டதில்லை. தோணி வேலை போயிற்று.

கொழும்புக்கு ரயில் ஏறுவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது காத்தான்குடி நெசவுக்காரர் வந்தார். மரியாதையான மனிதர்.

"கிளாக்கர், புள்ளயள அனுப்ப எனக்கு மறுப்பில்ல. அவன் வந்தா மட்டும் ஏலா. ஒரே பெட்டியில குந்தி அம்மட்டுத் தூரம் போகணும். எனக்கு இந்த ரெண்டு ஆம்புளப் புள்ளதான், அல்லாவுக்காக விளங்கிக்கங்க."

மற்ற வீடுகளிலிருந்தும் அதே பேச்சு வந்தது. அவன் வந்தால் ஐந்து பேர் வரமாட்டார்கள். அவனை விட்டால் பத்துப் பேர் வருவார்கள். புத்தகத்தை அவர்கள் முன்னால் விரித்து வைத்து, கெளிற்று முள் இருந்த வரியைக் காட்டியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். ஆனால் அன்றைக்கு மாமனிடம் ஏன் வாயை மூடினாய் என்று கேட்பார்கள். மருந்துச்சாலைக் கிளாக்கர் பந்துக்காக ஒரு கல்யாணத்தைக் குழப்பினவன் என்று ஊர் சிரிக்கும். வேலைக்கும் ஆபத்து வரலாம். இவ்வளவையும் நிறுத்துப் பார்த்துவிட்டு, அவனிடம் போய், இந்த முறை நீ இங்கேயே நில்லு என்று சொன்னேன்.

"சரி ஐயா," என்றான். கொஞ்சம் நடந்தவன் திரும்பி வந்தான். "இடது ஓரத்தில ஓடுறவனுக்குக் காலடியில பந்து குடுக்கப்படா ஐயா. முன்னால போடணும், அவன் ஓடி எடுப்பான். நடுவில நிக்கிறவனுக்குச் சொல்லி வைங்க."

சொல்லி வைத்தேன். பிரயோசனமில்லை. கொழும்பில் மழை. புல் வழுக்கியது. சப்பாத்துப் போட்ட எதிரணிக்கு முன்னால் எங்கள் வெறுங்கால்கள் நிலைகொள்ளவில்லை. அதைக்கூடச் சமாளித்திருப்பார்கள். நடுவில் அவன் இல்லாமல், பழையபடி பந்து போகிற பக்கமெல்லாம் கூட்டமாக ஓடினார்கள். பாதி ஆட்டத்துக்குள் ஐந்து கோல் வாங்கினோம். மீதியை நான் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் ஒரு மணித்தியாலத்தில் சேற்றோடு போயிற்று.

திரும்பி வரும்போது ரயிலில் பட்டறைக்காரன் என் எதிரே வந்து இருந்தான்.

"ஒண்டு கேக்கன். அவனுக்கு அந்த நோய் எண்டா, ரெண்டு வருசம் நாங்க எல்லாரும் அதே செம்பில குடிச்ச ஆக்கள். புத்தகம் எழுதிற உங்களுக்குத் தெரியும். எங்கள ஏன் அப்போதிக்கரியிட்டக் காட்டல்ல?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவன் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டான். அதன் பிறகு மைதானத்துக்கும் வரவில்லை. அணி அத்தோடு கலைந்தது.

அடுத்த வைகாசியில் நடுவில் ஆடியவனின் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள், அண்ணன் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. தோணி உழைப்பில் அந்த வீட்டுக்குச் சுவர் வைத்தவன் அவன்தான். அன்றைக்கே பாயையும் ஒரு பெட்டியையும் எடுத்துக்கொண்டு துறையடிக்குப் போய் ஓலையால் ஒரு கூரை போட்டுக்கொண்டான் என்று சொன்னார்கள். மனைவி வீடும் இல்லை, தாய் வீடும் இல்லை. எங்கள் ஊரில் அப்படி ஓர் ஆணுக்கு நிற்க இடமே கிடையாது. பிச்சைக்காரனுக்குக்கூட ஒரு வாசல் இருக்கும்.

அந்த மாரிகாலத்தில் ஒருநாள் மருந்துச்சாலைக்கு வந்தான். மெலிந்திருந்தான். ஒழுங்காகச் சோறு கிடைக்காதவன் மெலியாமல் என்ன செய்வான்? வாங்கில் இருக்கவில்லை. இருந்தால் மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். எல்லோரும் போனபின் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஐயா, புத்தகத்தப் பாத்து ஒண்டு சொல்லுங்க. எனக்கு இன்னும் எவ்வளவு காலம்?"

பழைய புத்தகத்தை எடுத்துப் புரட்டி, அந்த வரியில் விரலை வைத்தேன். அவனுக்கு எழுத்துத் தெரியாது.

"இஞ்ச பார். கால்ல கெளிற்று முள்ளுக் குத்தின எண்டு எழுதியிரிக்கி. வேறொண்டுமில்ல. உனக்கு ஒரு நோயும் இல்லடா."

அவன் சிரித்தான். கல்யாணச் சங்கதி சொல்ல வந்த அன்றைக்குச் சிரித்த அதே ஆள்தானா என்று இருந்தது.

"அப்போதிக்கரி ஐயாவும் நெஞ்சில குழாய வெச்சுப் பாத்துப்போட்டு ஒண்டுமில்ல எண்டுதான் சொன்னார். நீங்க சொல்லி வெச்சிரிப்பீங்க எண்டு எனக்கு விளங்கிச்சு. மாமன் வந்து கேட்ட நேரமும் நீங்க என்னக் காட்டிக் குடுக்கல்லயாம். வேறாள் எண்டா பட்டெண்டு சொல்லியிரிப்பான். நீங்க நல்ல மனிசன், என்னட்ட மறைக்கிறீங்க."

அவனை நம்பவைக்க ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. உன்னை என் அணியில் வைத்திருக்கத்தான் வாயை மூடினேன் என்ற அந்த ஒன்றைச் சொன்னால் அவன் நம்பியிருப்பான். என்னை அடித்திருப்பான். போய்ப் பிழைத்துமிருப்பான். அவன் போகாமல் நின்றான். நான் புத்தகத்தை மூடினேன்.

"போய் நல்லாச் சாப்பிடு. குளிர் படாமப் பாத்துக்க," என்றேன்.

"ஓம் ஐயா," என்று சொல்லி, கைகூப்பிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனான். மருந்துச்சாலைக்கு வருகிற நெஞ்சு நோய்க்காரர் எல்லோருக்கும் கடைசியாக நாங்கள் சொல்லி அனுப்புவதும் நான் சொன்ன அதே வார்த்தைகளைத்தான்.