சிவபாலன் அண்ணையின் சொப்பர்

நன்றாக ஓடுகிற மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, "இதை வெட்டித் தா" என்று கேட்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஸ்பானர் பிடித்துச் சாப்பிடுகிற உங்களுக்கு இது புதினமில்லை. பிரேக் தேய்ந்துவிட்டது என்று வருகிறவன் ஒரு மணித்தியாலத்தில் போய்விடுவான். வெட்டச் சொல்லி வருகிறவன் போகமாட்டான். ஒரு குளிர்காலம் முழுக்க உங்களோடு இருப்பான். சிவபாலன் அண்ணை மூன்று குளிர்காலம் இருந்தார்.

நான் வேலை செய்வது சுவிஸில், ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில், வால்ட்டர் என்ற சுவிஸ்காரரின் சின்ன கராஜில். முதலாளி அவர், வேலையாள் நான். வேறு ஆளில்லை.

பின் மட்கார்ட்

2012 கடைசியில் ஒரு சனிக்கிழமை அவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மட்டக்களப்புப் பக்கம். இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் பத்தொன்பது வருடமாகச் சமையல். வண்டி அறுநூற்றைம்பது சி.சி. ஜப்பான் குரூசர், பழையது. பின் மட்கார்ட் பாதிதான் இருந்தது. மீதியை வீட்டு நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் வைத்துத் தானே இரும்பறுக்கிற கிரைண்டரால் வெட்டியிருக்கிறார். மேல்மாடிக்காரர்கள் சத்தம் தாங்காமல் புகார் எழுதியதால் இங்கே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஏன் அண்ணை, நல்ல வண்டியை?" என்று கேட்டேன். கோடை வந்தால் மலைப்பாதை ஓடிவிட்டு வருகிற சொப்பர் மோட்டார் சைக்கிள்களை ஹோட்டல் வாசலில் வரிசையாக நிறுத்துவார்களாம். நீண்ட முன்பக்கம், தோளளவு ஹான்டில், ஒற்றைச் சீற். குசினி யன்னலால் அவருக்கு அந்த வரிசைதான் தெரியும். பத்தொன்பது கோடை பார்த்தபிறகு, தன் கையால் ஒன்று செய்து அதே வரிசையில் நிறுத்தவேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார். வெட்டின விளிம்பை அரத்தால் எவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்திருந்தார் என்பதை வால்ட்டர் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்:

"வடிவாத்தான் இருக்கு. ஆனால் இப்பிடியே றோட்டில இறக்கினா பொலிஸ்காரர் நம்பர் பிளேற்றைக் கழற்றிப்போடுவாங்கள்."

ஹீற்றர்

வால்ட்டர் பின் அறையை எங்களுக்குச் சனிக்கிழமைகளில் விட்டுத்தந்தார். இரண்டு நிபந்தனை. ஃபிரேமை வெட்டக்கூடாது, வாங்கிப் பூட்டுகிற ஒவ்வொரு சாமானுக்கும் சான்றிதழ் இருக்கவேண்டும். அண்ணை இரண்டுக்கும் தலையாட்டினார். கத்தி பிடித்துப் பழகின கை அல்லவா, தகட்டை வளைப்பதிலும் அளப்பதிலும் எனக்குப் பாடம் எடுக்கிற அளவுக்கு இருந்தார். புது மட்கார்டை மரக்கட்டையில் வைத்துத் தட்டித் தட்டி அவரே எடுத்தார்.

மாசி மாதமளவில் அவர் கையிலிருந்து ஸ்பானர் விழத் தொடங்கியது. முதல் தடவை சிரித்தோம். அன்றைக்கே மூன்றாம் தடவை விழுந்தபோது, ஒரு சின்ன நட்டை இடது கை விரல்களால் பிடிக்க முடியாமல் அவர் திணறுவதைக் கண்டேன். நான் கையில்லாத பெனியனோடு வியர்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"குளிர்தான் தம்பி. நீ அந்த ஹீற்றரை இன்னும் கொஞ்சம் கூட்டிவிடு."

வாசலில் ஒரு இடம்

அந்தக் கோடையில் வண்டி அரசாங்க வாகனப் பரிசோதனையில் தேறியது. ஹான்டில், சீற், முன் ஃபோர்க் எல்லாம் வாகனப் புத்தகத்தில் ஏறின. பரிசோதகர் மட்கார்டை இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்டார். அண்ணைக்கு அது போதும். அடுத்த ஞாயிறு தூண் என்ற ஏரியின் கரையால் இன்டர்லாக்கன் போனோம். அவர் முன்னால், நான் பின்னால் என் வண்டியில். ஏரிக்கரை வளைவுகளில் அவர் முதுகு நிமிர்ந்திருந்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஹோட்டல் வாசலில் ஏழெட்டு வண்டிகள் நின்றன. நடுவில் ஒரு இடைவெளி. அதற்குள் தன்னுடையதைப் பின்பக்கமாக உருட்டி நிறுத்திவிட்டு, இறங்காமல் அப்படியே இருந்தார். குசினியிலிருந்து ஏப்ரனோடு மூன்று பேர் ஓடிவந்தார்கள். அதில் ஒருவன், அவரோடு பக்கத்து அடுப்பில் நிற்கிற போர்த்துக்கேயன், இடுப்பை வளைத்துக் கும்பிடுபோட்டுக் கேட்டான்:

"ஐயாவுக்கு எந்த றூம்? ஏரி தெரியிற பக்கமோ?"

மலர் அக்கா

திரும்பி வருகிற வழியில் தூண் நகரத்துச் சிக்னலில் அவர் வண்டி நின்றுவிட்டது. கிளச்சை முழுக்க இழுக்க இடது கைக்குப் பலமில்லை. அன்றைக்குச் சிரித்துச் சமாளித்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்தபோது மனைவி மலர் அக்காவும் கூட வந்தார். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவர், வேலை உடுப்போடேயே வந்திருந்தார். நோயின் பெயரை அவர்தான் சொன்னார். நீளமான பெயர். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு போகும், மருந்தில்லை, மூன்று நாலு வருடம். தான் தினமும் நிலம் துடைக்கிற அதே மாடியில், டொக்டருக்கு முன்னால் இருந்துதான் அதைக் கேட்டாராம்.

அண்ணை கிளச்சை இலேசாக்கித் தரச் சொன்னார். இப்போதைக்கு ஓடலாம் என்று டொக்டர் எழுதின கடிதத்தையும் நீட்டினார். செய்வது பெரிய வேலையில்லை. என்ஜின் பக்கத்தில் கேபிள் இழுக்கிற நெம்புகோலை நீளமாக்கினால் கிளச்சை விரலால் இழுக்கலாம். ஆனால் நாளைக்கு இவர் எங்கேயாவது விழுந்தால்? என் முகம் போன போக்கைப் பார்த்து, மலர் அக்கா என்னை வெளியே கூப்பிட்டார். 'மாட்டேன் என்று சொல்லுங்கள்' என்று கெஞ்சப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, நீங்கள் செய்யாட்டி அவர் தானே செய்வார். அந்தக் கையால கிரைண்டர் பிடிக்க விடேலாது. செய்து குடுங்கோ."

கீழே இருந்து பார்த்தால்

செய்து கொடுத்தேன். பிறகு வந்த மாற்றங்கள் எல்லாம் இப்படித்தான். சொப்பருக்கு அழகு என்று ஒன்றும் செய்யவில்லை; அவர் உடம்பு கேட்டதைச் செய்தோம். ஹான்டிலைக் கீழே இறக்கினோம். சீற்றைத் தாழ்த்தினோம். இடுப்புக்கு அணை வைத்தோம். அவரை ஸ்பொஞ்சில் அரை மணித்தியாலம் இருத்தி, பதிந்த தடத்தின்படி சீற்றைச் செதுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் திரும்பப் பரிசோதனை, திரும்பப் புத்தகம்.

அடுத்த சித்திரையில், எங்கள் முற்றத்தில் நின்ற நிலையிலேயே வண்டி சரிந்தது. இருநூறு கிலோவுக்கு மேலே. காலைக் குத்தித் தாங்க அவருக்கு முடியவில்லை. நானும் வால்ட்டரும் ஓடினோம். வண்டி அவர் தொடைமேல் கிடந்தது. முறிவில்லை என்று பிறகு தெரிந்தது; அந்த நேரம் நான் ஹான்டிலைப் பிடித்தேன், வால்ட்டர் பின்பக்கத்தைப் பிடித்தார். அண்ணை மல்லாந்து கிடந்தபடி என்ஜினின் அடிப்பக்கத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச எண்ணெய் கசியுது தம்பி. நீ இவ்வளவு நாளும் காணேல்லையோ?"

இரண்டு ஆணி

ஒருவரும் கேட்காமல், அண்ணை தன்னுடைய லைசென்சைத் தானே திருப்பிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். நம்பர் பிளேற்றையும் ஒப்படைக்கவேண்டும். மலர் அக்காவோடு பஸ்ஸில் வந்தார். பிளேற்றில் இரண்டு திருகாணி. நானென்றால் ஒரு நிமிட வேலை. அவர் ஸ்டூலில் இருந்து இரண்டு கையாலும் ஸ்குறூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார். நழுவும், எடுத்துக் கொடுப்பேன், திரும்ப வைப்பார். வால்ட்டர் றேடியோவை நிறுத்திவிட்டார். மலர் அக்கா சுவரில் தொங்கின கலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலாவது வந்தது. இரண்டாவது பாதியில் இறுகியது. அவர் நெற்றி வியர்வை டயரில் சொட்டியது. பொறுக்க முடியாமல் நான் கையை நீட்டினேன்.

"நீ கழற்றாத. பிளேற்றைப் பிடிச்சுக்கொண்டு நில், கீழ விழாமல்."

நொஷாட்டல்காரர்

அதற்குப் பிறகும் அவர் வந்தார், சக்கர நாற்காலியில். நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவேன். அவர் கையை மலர் அக்கா தூக்கி டாங்கின்மேல் வைப்பார். பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. என்ஜின் சத்தத்தில் ஒருவரும் கதைக்கத் தேவையில்லை என்பது மூன்று பேருக்கும் வசதியாக இருந்தது. மூன்றாவது குளிர்காலம் முடிகிற நேரம் ஒரு வாரம் வரவில்லை. அடுத்த வாரம் நானும் வால்ட்டரும் கறுப்பு உடுப்போடு பஸ் ஏறினோம். வால்ட்டருக்கு எங்கள் செத்தவீட்டுச் சடங்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசிவரைக்கும் நின்றார்.

வண்டியை வைத்திருக்க மலர் அக்காவுக்கு இடமில்லை. விற்கச் சொன்னார். ஆறேழு பேர் வந்தார்கள். ஒருவருக்கும் பொருந்தவில்லை. ஹான்டில் ஒருவருக்குக் கிட்ட, கால் வைக்கிற இடம் இன்னொருவருக்குத் தூர. கடைசியாக, பிரெஞ்சு பேசுகிற நொஷாட்டலில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். சொப்பர்களோடேயே கிழண்டுபோன ஆள். ஏறி இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அசைந்து பார்த்தார். பிறகு மெதுவாக இறங்கி, எனக்கு விளங்கவேண்டும் என்று பிரெஞ்சை விட்டுவிட்டு ஜெர்மனில் சொன்னார்:

"மன்னியுங்கோ. இதில ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார்."

திருப்பிப் பூட்டல்

"அப்ப பழையபடி ஆக்குங்கோ தம்பி. ஓடுற வண்டியைப் பழைய இரும்புக்குக் குடுக்க எனக்கு ஏலாது" என்றார் மலர் அக்கா. செய்தேன். பழைய ஹான்டில், கேபிள், ஃபோர்க், சீற் எல்லாவற்றையும் அண்ணை துணியில் சுற்றி வைத்திருந்தார். வெட்டின மட்கார்டுக்குப் பதில் மட்டும் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் தேடி எடுத்தேன். நாலு சனிக்கிழமை. இரண்டு குளிர்காலமாகச் செய்ததைக் கழற்ற அவ்வளவுதான் எடுத்தது. செதுக்கின சீற்றை மலர் அக்கா கேட்டார். வால்ட்டர் சுத்தமான துணியால் துடைத்துக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு அக்கா பஸ்ஸில் போனார்.

வாங்கினது ஒரு தாதிப் பெண். வேலைக்குப் போய்வர ஒரு வண்டி தேடினாள். ஏறினாள், இரண்டு காலும் நிலத்தில் பட்டது, ஹான்டில் கைக்கு வந்தது. முற்றத்தில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து சந்தோஷமாகக் கேட்டாள்:

"ஒருத்தரும் கைவைக்காத வண்டிதானே? பார்த்தாலே தெரியுது, நல்ல ஆள் வச்சிருந்திருக்கிறார்."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு, ஒரு மனுசன் இருந்த அடையாளத்தை ஒரு கீறல் விடாமல் துடைத்த வேலைக்குத்தான்.