பத்து நாள் உயிரோடு இருக்க வேண்டிய நாய்

எங்கள் வீட்டுக்கு வந்த எட்டாம் நாளே அந்த நாய் முதல் கொலையைச் செய்தது. பெரிய மார்க்கெட்டில், மீன்காரிகள் உட்காரும் வரிசையின் முடிவில், என் கண்ணெதிரே.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. என் கணவர் ரொட்டி சுட்டு விற்கும் கிடங்கு வைத்திருந்தார். வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்த வெள்ளைக்காரர் வீடுகளுக்கெல்லாம் காலை ரொட்டி எங்களிடமிருந்துதான் போகும். அந்த வீடுகளில் ஒன்றில் இருந்த சுங்க அதிகாரி, ஊருக்குக் கப்பலேறும்போது தன் நாயை என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். நன்றாகச் சிவந்த ரொட்டியின் மேல்தோல் நிறம், அகன்ற மார்பு, குட்டை மயிர். அவர் ஒரு பிரெஞ்சுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எங்கள் தெருவில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. துரை வீட்டு நாய் என்றே பெயர் நின்றுவிட்டது.

மனிதர்களிடம் அதைப் போல் சாதுவான பிராணியை நான் பார்த்ததில்லை. இரண்டு வயது என் மகள் அதன் வாய்க்குள் கைவிட்டு நாக்கைப் பிடித்து இழுப்பாள். அது கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். அந்தத் தைரியத்தில்தான் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன்.

சொறி பிடித்த ஒரு பெட்டை நாய் மீன் செதில்களை நக்கிக்கொண்டே எங்கள் பக்கம் வந்தது. எங்கள் நாய் குரைக்கவில்லை, உறுமவில்லை. கயிறு என் உள்ளங்கைத் தோலைப் பிய்த்துக்கொண்டு போனது மட்டும்தான் எனக்குத் தெரியும். அடுத்த கணம் அந்தப் பெட்டையின் கழுத்து இதன் வாயில் இருந்தது. துணியை உதறுவதைப் போல நாலு தடவை உதறியது. ஏதோ முறியும் சத்தம் கேட்டது. மீன்காரி ஒருத்தி வெட்டுப்பலகையைத் தூக்கி அதன் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். அடிக்க அடிக்கப் பிடி இறுகியதே தவிர விடவில்லை. அந்தப் பெட்டை அசைவற்றுத் தொங்கியபிறகு, தானாகவே கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்து காலில் சாய்ந்து நின்றது. அதன் உடம்பெல்லாம் நடுங்கியது. என் புடவைக் கரையில் இரத்தம். அந்த நடுக்கத்தை வெறி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்தார். "சிங்கம்டி இது! இத்தினி நாளா அந்த துரைக்கு இதோட மதிப்பே தெரியல."

அவர் கெட்ட மனிதர் இல்லை. விடிவதற்கு முன்பே எழுந்து மாவு பிசைந்து, நெருப்பில் வெந்து, அடுத்தவர் வீட்டுப் பின்வாசலில் நின்று காலத்தைக் கழித்தவர். தனக்குச் சொந்தமான ஒன்றைப் பார்த்து நாலு பேர் வாய்பிளப்பது அவருக்குப் புதிது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் ஊருக்கு வெளியே சவுக்குத் தோப்பில் ஆண்கள் கூடி நாய்களை மோதவிட ஆரம்பித்தார்கள். எங்கள் நாய் வாராவாரம் ஜெயித்தது. நான் வாராவாரம் அதன் காயங்களை உப்புநீரில் கழுவி மஞ்சள் பூசினேன்.

ஒரு ஞாயிறு மகளுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. அவரைக் கூப்பிட நானே தோப்புக்குப் போனேன். கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒரு மீனவர் தன் கறுப்பு நாயைக் கொண்டுவந்திருந்தார். இரண்டும் பின்னங்காலில் எழுந்து கட்டிப்புரண்டன. எங்கள் நாயின் இடது காது பாதி கிழிந்து தொங்கியது. அது கறுப்பு நாயின் முன்னங்காலைக் கவ்வித் திருகியது. காய்ந்த மிலாறுக் குச்சி ஒடிவதைப் போல எலும்பு ஒடிந்தது. கறுப்பு நாய் போட்ட ஓலத்தில் மரத்துக் காக்கைகள் கலைந்து பறந்தன. ஆண்கள் கைதட்டினார்கள். அந்த மீனவர் யாரையும் பார்க்காமல் தன் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வடக்கே நடந்தார். அதன் இரத்தம் அவர் முதுகில் வழிந்துகொண்டே போனது.

"புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல, வாங்க" என்றேன். அன்று இரவும் அந்தக் காதைக் கழுவி மஞ்சள் பூசினேன்.

பிறகு ஒருநாள், ரொட்டி கொடுக்கப் போன இடத்தில், வாய்க்கால் பாலத்தருகே எங்கள் நாய் ஒரு வெள்ளைக்காரர் வீட்டு நாயின் தொடையைக் கிழித்துவிட்டது. அந்த வீட்டுக்கார முசியே நடுத்தெருவில் என் கணவரின் கன்னத்தில் அறைந்தார். அன்றோடு தோப்புச் சண்டை நின்றது. அடி ஆரம்பித்தது. எதிரே இன்னொரு நாய் தெரிந்தால் போதும், இதன் முதுகில் அடி விழும். ரொட்டியை அடுப்புக்குள் தள்ளும் நீளக் கட்டையின் காம்புதான் ஆயுதம். "புத்தி வரணும் இதுக்கு" என்பார்.

புத்தி வரவில்லை. முன்பெல்லாம் இன்னொரு நாய் பக்கத்தில் வந்தால்தான் பாயும். இப்போது தெருமுனையில் ஒரு வால் தெரிந்தாலே பாய்ந்தது.

எதிர்வீட்டில் ஒரு தையற்காரர் குடியிருந்தார். சிப்பாய்களுக்குச் சட்டையும் தோல் வாரும் தைப்பவர். அவருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை இல்லை. ஒரு சின்ன வெள்ளை நாய் இருந்தது. அவர் மிதிக்கும் தையல் மிஷினுக்கு அடியில் நாளெல்லாம் படுத்திருக்கும். என் மகள் அதற்கு ரொட்டித் துண்டு கொண்டுபோய்க் கொடுப்பாள்.

ஒரு காலை மாவு மூட்டை வண்டி வந்தது. வாசல் கதவு திறந்திருந்தது. எங்கள் நாய் தெருவைத் தாண்டியதை நான் கிணற்றடியிலிருந்து பார்த்தேன். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் மிஷின் கவிழ்ந்து கிடந்தது. வெள்ளை நாயின் வயிறு கிழிந்து திறந்திருந்தது. தையற்காரர் இரண்டு வாய்களுக்கும் நடுவே தன் கையைக் கொடுத்திருந்தார். முழங்கைக்குக் கீழே சதை பிளந்து வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவர் கத்தவில்லை. "வுடு... வுடு..." என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

தெரு முழுக்கக் கட்டைகளோடு வந்துவிட்டது.

"வெறி நாய்! அடிச்சுக் கொல்லுங்கடா!"

முதல் அடி நாயின் இடுப்பில் விழுந்தது. ஏன் செய்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது, நான் அதன்மேல் விழுந்தேன். இரண்டாம் அடி என் தோள்பட்டையில் விழுந்தது. "ஐயோ, பொம்பள!" என்று யாரோ கத்த, கட்டைகள் நின்றன. அதற்குள் என் கணவர் அடுப்புக் கட்டையோடு வந்தார். என்னை ஒரு கையால் இழுத்துத் தள்ளிவிட்டு நாயின் தலையில் மூன்று முறை ஓங்கி அடித்தார். மூன்றாவது அடியில் அதன் வாய் திறந்தது. நான்காவதற்கு அவர் கையைத் தூக்கியபோது தையற்காரரே தடுத்தார்.

"கொல்லாதீங்க. அது வெறி நாயான்னு பாக்கணும். செத்துப்போச்சுன்னா எனக்கு எப்பிடித் தெரியும்?"

டாக்டரும் அதையே சொன்னார். வயிற்றைச் சுற்றித் தினம் ஓர் ஊசி. நாயைக் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். பத்து நாள் அது நன்றாக உயிரோடு இருந்தால் வெறி இல்லை என்று அர்த்தம், ஊசியை நிறுத்திவிடலாம். அதற்குள் சொந்தக்காரர் அதைக் கொன்றுவிடக் கூடாது.

இப்படித்தான் தன் நாயைக் கொன்ற நாய் உயிரோடு இருக்க வேண்டும் என்று அந்த மனிதர் கும்பிட வேண்டியதாயிற்று. ஊசி போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி, தினமும் காலையில் எங்கள் பின்கட்டுக்கு வந்து நிற்பார். நாய் கொய்யா மரத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தது.

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க. கதவைச் சாத்தாம வுட்டது நான்தான்" என்றேன் முதல் நாள்.

"அது சாப்டுச்சா, தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

நான்காம் நாளிலிருந்து அது சாப்பிடவில்லை. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. அதைப் பார்த்ததும் தையற்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சுவரோரம் நின்ற அவர் மனைவி மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் நாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தாடை ஒரு பக்கம் வீங்கியிருந்தது. தொட்டதும் முனகியது. என் கணவரின் மூன்றாவது அடி விழுந்த இடம். மண்சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். வெறி பிடித்த நாய் தண்ணீர் குடிக்காது என்பார்கள். அது சட்டியை மோந்தது. வலியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நக்கி, சட்டியைக் காலி செய்தது.

"குடிக்குது. தண்ணி குடிக்குது" என்று தையற்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டுப்போட்ட கையை முகத்தில் வைத்து அழுதார். அன்று முதல் கஞ்சியில் ரொட்டியைக் கரைத்து ஊட்டினேன்.

ஏழாம் நாள் உச்சிவேளையில் என் கணவர் குடித்துவிட்டு வந்தார். கிழக்கே நாலு வீட்டில் ரொட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். கட்டையை எடுத்துக்கொண்டு நேராகப் பின்கட்டுக்குப் போனார். நாய் அவரைப் பார்த்ததும் சங்கிலி போகும் தூரத்துக்குப் பின்வாங்கி, வயிறு மண்ணில் பட ஒண்டிக்கொண்டது. முதல் அடி தப்பி மரத்தில் பட்டது. இரண்டாவது அதன் விலாவில் விழுந்தது.

"வுடுங்க! அது செத்தா அவரு கதி என்னா?"

"எவன் கதியா இருந்தா எனக்கு என்னாடி!"

கட்டை மரக்கிளையில் சிக்கியபோது நான் அதைப் பிடுங்கினேன். அவர் என் கூந்தலைப் பிடித்தார். நான் அவர் மணிக்கட்டில் அடித்தேன், முழு பலத்தோடு. அவர் அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் வாழ்நாளில் ஒரு மனிதரை நான் அடித்தது அன்று ஒருநாள்தான். எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. ஒரு மாதம் அவரால் மாவு பிசைய முடியவில்லை. அந்த ஒரு மாதமும் கொழுந்தனோடு சேர்ந்து நான்தான் பிசைந்தேன். இரண்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

அந்தப் பத்து நாளில்தான் நான் அந்த நாயை முதன்முறையாகச் சரியாகப் பார்த்தேன். கொல்லை வேலிக்கு வெளியே தெருநாய்கள் போகும். அவற்றைக் கண்டதும் முதலில் இதன் வாய் மூடும். பிறகு உதட்டை நக்கும். முதுகு மயிர் எழும். உடனே அது அந்த நாயைப் பார்க்காமல் திரும்பி எங்கள் கைகளைப் பார்க்கும். யார் கையில் கட்டை இருக்கிறது என்று தேடும். அதற்குப் பிறகுதான் பாயும்.

தையற்காரரும் இதைக் கவனித்திருந்தார். "இது கோவத்துல பாயல, தங்கச்சி. பயந்துதான் பாயுது. இன்னொரு நாய் வந்தா அடி வரும்னு அதுக்குத் தெரிஞ்சிபோச்சு. அதுக்குள்ள முடிச்சிடலாம்னு பாக்குது."

மார்க்கெட்டில் என் காலில் சாய்ந்து நடுங்கியது எதனால் என்று எனக்கு அப்போது புரிந்தது. எங்களிடம் வரும்போதே அது பயத்தோடுதான் வந்திருக்கிறது. பார்க்கப்போனால், அந்தப் பயத்தை வளர்த்தவர்களில் நானும் ஒருத்தி. காயத்தைக் கழுவிக் கழுவி மறுபடி தோப்புக்கு அனுப்பியவள்.

பத்து நாள் முடிந்தது. ஊசி நின்றது. மறுவாரம் தையற்காரர் சிப்பாய் வார்த் தோலில் ஒரு வாய்க்கூடு தைத்துக்கொண்டுவந்தார். நாய் மூச்சு விடலாம், தண்ணீர் குடிக்கலாம், கடிக்க முடியாது. வலது கை இன்னும் சரியாக மடங்காததால் இடது கையால் தைத்திருந்தார். தையல் கோணல்மாணலாக இருந்தது.

மத்தியான வெயிலில், தெருவில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, அதைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். ரொட்டிக்காரன் பெண்டாட்டிக்குப் பைத்தியம் என்று பேசிக்கொண்டார்கள். தூரத்தில் நாய் தெரிந்ததும், இது வாயை மூடுவதற்கு முன்பே, ஆட்டுக்கறிச் சாற்றில் ஊறிய ரொட்டித் துண்டை வாய்க்கூட்டின் இடைவெளியில் தள்ளிவிட்டுத் திரும்பிவிடுவேன். கயிற்றை மட்டும் இறுக்கக் கூடாது. என் கை இறுகினால் அதன் உடம்பும் இறுகும். இதை நான் கற்றுக்கொள்ளவே மழைக்காலம் முழுவதும் ஆயிற்று.

அப்படியும் ஒருநாள் தவறிப்போனது. வாய்க்கால் ஓரம் ஐந்து தெருநாய்கள் ஒரே நேரத்தில் எங்கள்மேல் வந்து விழுந்தன. வாய் கட்டப்பட்ட நாய் தலையால் முட்டி முட்டிப் பார்த்தது. ஒன்று அதன் தொடையைக் கவ்வியது, இன்னொன்று வயிற்றுக்குப் பாய்ந்தது. கல்லை எடுத்து ஒன்றின் மண்டையில் அடித்தேன். இன்னொன்று என் கெண்டைக்கால் சதையைப் பிடித்துத் தொங்கியது. வாய்க்கூட்டின் பட்டையில் கை வைத்தேன். அவிழ்த்தால் இது பிழைத்துக்கொள்ளும். ஆனால் எட்டு மாத உழைப்பு போய்விடும். அந்த யோசனையில் நான் தயங்கிய நேரத்தில் அதன் தோல் ஒரு சாண் நீளம் உரிந்துவிட்டது. ஆளை உட்காரவைத்துக் கையால் தள்ளும் புஸ்புஸ் வண்டிக்காரர் ஒருவர் வண்டியை அப்படியே நாய்க்கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்ததால் தப்பித்தோம். அதன் வாயைக் கட்டியது நான். கட்டிய நானே காப்பாற்றவும் வேண்டும் அல்லவா? அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கம்தான். இந்த முறை ஊசி போட்டுக்கொண்டது நான். கடித்த நாய் எதுவென்றே தெரியாததால் பாதியில் நிறுத்த முடியவில்லை. என் கணவர்தான் என்னை ஒவ்வொரு நாளும் வண்டியில் கூட்டிப்போனார். காத்திருந்த வேளையில், "இனிமே அத தனியா கூட்டிக்கினு போவாத, நானும் வரேன்" என்றார். கட்டை இல்லாமல் வந்தார். நாய் அவர் கைகளைப் பார்க்காமல் நடக்க ஓர் ஆண்டு பிடித்தது.

அது கடைசிவரை எந்த நாயோடும் சிநேகமாகவில்லை. தெருவின் அந்தப் பக்கம் ஒரு நாய் போனால், இந்தப் பக்கம் என்னைப் பார்த்துக்கொண்டே நடந்துவிடும். அவ்வளவுதான் முடிந்தது. வெளியே போகும்போது வாய்க்கூட்டை நான் ஒருநாளும் கழற்றவில்லை. தையற்காரர் வேறு நாய் வளர்க்கவில்லை. அவருடைய வலது கைச் சுண்டுவிரல் நீட்டியபடியே நின்றுவிட்டது.

அது கிழடான பிறகு ஒரு மாலை, நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நாய் அவிழ்த்துவிடப்பட்டு, வாய்க்கூடு இல்லாமல் மரத்தடியில் படுத்திருந்தது. வேலி ஓட்டை வழியாக ஒரு தெருக்குட்டி உள்ளே வந்துவிட்டது. நான் இருபதடி தூரத்தில் இருந்தேன். இதன் வாய் மூடியது. முதுகு மயிர் எழுந்தது. குட்டி வாலாட்டிக்கொண்டு நேரே இதன் மூக்கடிக்குப் போனது.

நாய் எழுந்தது. குட்டியைச் சுற்றிக்கொண்டு, வேகமாக என்னிடம் வந்து, உலர்த்திய ஈரப் புடவைக்குப் பின்னால் ஒளிந்து நின்றது. அதன் நடுக்கம் புடவையில் தெரிந்தது. நான் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

குட்டி தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த வழியே போனது.