பெண்களை ரயிலேற்றிய எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்கா எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அவருடைய பிள்ளைகள் என்னிடம் கொடுத்தார்கள். நான் அவருடைய ஒரே தங்கை. தவிர, எங்கள் வீட்டில் தமிழைத் தடுமாறாமல் எழுதத் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். தமிழ் வாசிக்க வராத நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் யாராவது இதைப் படித்துக் காட்டுங்கள்.

அக்கா, நாங்குநேரிப் பக்கம் ஒரு சிற்றூரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அத்தானைக் கைப்பிடித்து மும்பை தாராவிக்கு வந்தபோது அவருக்கு இந்தியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அத்தான் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். கோலி என்கிற ஒற்றை அறை வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லோரோடும் குடித்தனம். மூட்டுவலியால் அத்தான் பட்டறைக்குப் போக முடியாமல் போனதும், அக்கா வீட்டிலிருந்தே பைகளுக்கு உள்துணி தைத்துக் கொடுத்து இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தார். பட்ட கஷ்டத்தை அவர் அதிகம் பேசியதில்லை. அதனால் நானும் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவர் ஓயாமல் பேசியது எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றித்தான். தாராவியில் நம் ஊர்க்காரர்களுக்குச் சங்கம் உண்டு. கோயில் கொடைத் திருவிழா நாளில் காய் நறுக்குவதைத் தவிர அதில் பெண்களுக்கு வேலை இல்லை. அக்காதான் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எல்லோரையும் அம்மன் கோயில் பக்கத்தில் கூட்டி உட்கார வைத்தார். முதலில் வெறும் பேச்சும் சிரிப்பும்தான். பிறகு பிரசவத்துக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போவது, கல்யாண வீட்டில் கூடமாட நிற்பது, ஊரிலிருந்து புதிதாக வாழ வந்த பெண்ணுக்கு லோக்கல் ரயிலில் ஏறி இறங்கக் கற்றுக்கொடுப்பது என்று வேலைகள் தானாகச் சேர்ந்தன. அதே நேரத்தில் கூட்டம் பிரியவும் தொடங்கியது. கல்யாணமாகித் தாராவியிலேயே இருந்த நான் விக்ரோலிக்குக் குடிமாறினேன். வாடகை கட்டுப்படியாகாமல் சிலர் அம்பர்நாத்துக்குப் போனார்கள்.

"இனிமே எல்லாரும் எங்கக்கா ஒண்ணாக் கூடுறது?" என்று கேட்டேன்.

"ரயிலு ஓடுதுல்லா? அதுல கூடுவோம்" என்றார் அக்கா.

அப்படித்தான் எங்கள் முதல் பயணம் அமைந்தது. ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் அம்பர்நாத் சிவன் கோயிலுக்குக் கிளம்பினோம். தாராவிப் பெண்கள் பக்கத்து சயான் ஸ்டேஷனில் ஏறினார்கள். லேடீஸ் பெட்டியின் வாசலில் நின்று அக்கா கையை ஆட்ட, விக்ரோலியில் நான் ஓடி ஏறினேன். அம்பர்நாத்தில் அங்கே குடியிருந்த நம் பெண்கள் தலை நிறையப் பூவோடு பிளாட்பாரத்தில் காத்திருந்தார்கள். கோயிலைச் சுற்றிப் பார்த்தோம். மரத்தடியில் புளியோதரை சாப்பிட்டோம். கும்மி மறந்துபோனது என்றவர்கள்தான் கடைசிவரை அடித்தார்கள். கல்யாணமான பிறகு புருஷன் பிள்ளை இல்லாமல் வெளியே வந்ததே அன்றுதான் என்று பலர் சொன்னார்கள்.

பிற்பகலில் பிடித்த மழை விடவில்லை. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுவிட்டது. பாதிப் பேரிடம் செல்போன் கிடையாது. இருந்த போன்களிலும் சிக்னல் இல்லை. அம்பர்நாத் பெண்களின் வீடுகளில் பிரிந்து தங்கினோம். மறுநாள் காலை ரயில் ஓடத் தொடங்கியதும் சயானில் வந்து இறங்கினால், ஸ்டேஷன் வாசலில் ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். ஊர்ச் சங்கத்தின் தலைவர் முன்னால் வந்தார்.

"பொம்பளைக எங்க கெடக்காகன்னு தெரியாம ராத்திரி பூரா நாங்க அலையணுமா? இதுக்குத்தான் கூட்டம் போடுதீகளா?"

எங்களில் சிலர் அழுதேவிட்டார்கள். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"அண்ணாச்சி, நீங்க பயந்தது நியாயம். அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கேன். ஆனா வீட்டு வேலைக்குப் போன எடத்துல இதே மழையில மாட்டியிருந்தா, பாவம்னு சொல்லியிருப்பீக. கோயிலுக்குப் போன எடத்துல மாட்டுனா மட்டும் ஏன் கேள்வி கேக்கீக?"

தலைவர் ஒதுங்கி வழிவிட்டார். ஆனால் எங்களோடு வந்திருந்த மாரியம்மாள் மதினியின் கணவர், "இனிமே இவ எங்கயும் வரமாட்டா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். மதினி தலை குனிந்தபடி அவர் பின்னால் போனார். தலைவர் முன்னால் அசராமல் நின்ற அக்கா, வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து அழுதார்.

"என்னாலதானட்டி அவளுக்கு இருந்ததும் போச்சு" என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்தை அக்கா மாரியம்மாள் மதினியின் வீட்டு வாசலில் வைத்தார். சந்தில் பாயை விரித்து நாங்கள் உட்கார்ந்ததும் மதினியின் கணவர் வெளியே வந்தார்.

"என்ன இது, இங்க வந்து?"

"கோயில் பக்கம் ஒரே சகதியா கெடக்குண்ணே. இங்கன சிமெண்டுத் தரை. எடஞ்சலா இருந்தா சொல்லுங்க, எந்திரிச்சிருதோம்."

அவர் உள்ளே போய்விட்டார். மதினி வாசற்படியைத் தாண்டவில்லை. உள்ளே உட்கார்ந்தபடியே எங்கள் பேச்சில் கலந்துகொண்டார். அடுத்த மாதமும் அங்கேதான் கூடினோம். ஒரு ஞாயிறு தூறல் விழுந்தபோது, "நனைஞ்சுக்கிட்டேவா பேசுவீக?" என்று முணுமுணுத்துக்கொண்டு அந்த அண்ணனே வாசலில் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார். மறு வருஷம் டிட்வாலா பிள்ளையார் கோயிலுக்குக் கிளம்பும் பேச்சு வந்தபோது அக்காவிடம் வந்து நின்றார்.

"இவ ஒருத்திய மட்டும் விட்டுட்டா போவீக? கூட்டிட்டுப் போங்க. மழை வந்தா ஒரு போன் பண்ணிருங்க, போதும்."

அந்தப் பயணத்தில் மதினியைத்தான் ஜன்னலோரம் உட்கார வைத்தார் அக்கா. அதன்பிறகு எந்த வருஷமும் எங்கள் பயணம் நின்றதில்லை.

அத்தான் காலமான பின் அக்கா மகனோடு ஐரோலியில் வசித்தார். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கியபோது, மகனும் மருமகளும் வேலைக்குப் போகும் நாட்களில் நம் பெண்கள் முறை வைத்து ஆஸ்பத்திரிக்கு உடன் போனார்கள். கடைசி ஆடியில், அக்கா வர முடியாத நிலையில் பயணமே வேண்டாம் என்று எல்லோரும் முடிவெடுத்தார்கள். அதைக் கேட்டு அக்காவுக்குக் கோபம் வந்தது.

"நான் படுத்துட்டேன்னா நீங்களும் படுக்கணுமா? போயிட்டு வாங்க. வந்து எனக்குச் சொல்லுங்க."

போனோம். திரும்பும் வழியில் தானேயில் ரயில் மாறி, ஈரப் புடவையோடு நேரே ஐரோலி வீட்டுக்கு வந்தோம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சண்டை எதும் நடந்துச்சா?" என்றார்.

"இல்லக்கா."

"பொய் சொல்லாதீக. சீட்டுக்குச் சண்டை வராத பயணமா?"

சண்டை போட்ட இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தார்கள். அக்கா மூச்சு வாங்கும்வரை சிரித்தார். அந்த வாரத்திலேயே ஒரு காலைப்பொழுதில், மகளின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அக்காவை முகம் சுளிக்காமல் கவனித்த டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்களுக்கு நன்றி. கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து, மராத்தியில் பேசியே அக்காவைச் சாப்பிட வைத்த பக்கத்து வீட்டு மராத்திய அக்காவான தாயிக்கு நன்றி. இறுதிக் காரியங்களை முன்னின்று செய்த ஊர்ச் சங்கத் தலைவர் அண்ணாச்சிக்கும், பயண நாட்களில் வீட்டில் சோறு பொங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நம் ஆண்களுக்கும் நன்றி. நம் பெண்களுக்கு நன்றி சொன்னால் திட்டுவார்கள், ஆகவே சொல்லவில்லை.

இந்த ஆடியிலும் பயணம் உண்டு. லோனாவாலா என்று ஒரு கட்சி, கடற்கரை என்று இன்னொரு கட்சி. வாட்ஸ்அப்பில் வாதம் இன்னும் தீரவில்லை. இந்த மலரைப் படிக்கும் பெண்கள், எங்கள் ஊராக இல்லாவிட்டாலும் வரலாம். அக்காவை நினைத்து அழுவதற்காக யாரும் வர வேண்டாம். சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புத் தங்கை,
விக்ரோலி