வாலை வடிவாப் பாருங்கோ

அந்தக் கண்ணாடித் தகட்டில் எட்டுப் பேரும் ஒரு நாயும் இருந்தார்கள். சின்ன ரயில் நிலையம் ஒன்றின் ஊழியர்கள், ஸ்டேஷன் மாஸ்டருக்கும் மேலான வட்டார ரயில்வே அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகுமுன் அவரோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட படம். எடுத்தவர் என் அண்ணன். லென்ஸ் மூடியைக் கழற்றி அவர் மூன்று எண்ணும்வரை எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நாய்க்கு அந்தக் கட்டளை புரியவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் காலடியில் உட்கார்ந்து அது நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. தலை, காது, மூக்கு எல்லாம் தெளிவு. வால் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு விசிறி அளவுக்குக் கலங்கல். அந்தக் கலங்கலைச் சரிசெய்தவள் நான். அதைச் செய்திருக்கக் கூடாது என்று இன்றுவரை நினைக்கிறேன். செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாயாவின் ஜொகூர் பாருவில், கடைத்தெரு மாடி ஒன்றில் அண்ணன் ஸ்டூடியோ வைத்திருந்தார். படம் எடுப்பது அவர் வேலை, டச்சிங் என் வேலை. ஜன்னல் ஓரம் ஒரு சாய்வு மேசை. அதன் நடுவில் தேய்த்த கண்ணாடி, கீழே வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும் முகக்கண்ணாடி. நெகட்டிவ் தகட்டை அதில் பொருத்தி, ஊசி மாதிரி சீவிய பென்சிலாலும் சின்னக் கத்தியாலும் நாள் முழுக்க ஊரார் முகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும். கத்தியால் சுரண்டிய இடம் கறுக்கும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் என் கை பட்டால் அம்மைத் தழும்பு இருக்காது, மாறுகண் நேராகிவிடும், காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் வெயிலில் நின்று களைத்த கல்யாணப் பெண்ணுக்குக்கூட முகத்தில் களை வந்துவிடும். சவப்பெட்டியில் கிடந்தவர்களுக்குக் கண் திறந்துவிட்டிருக்கிறேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தலைக்கனம் என்றால் சாதாரணத் தலைக்கனம் இல்லை. கடவுள் அவசரத்தில் விட்டதை நான் நிதானமாக முடிக்கிறேன் என்று ஒருநாள் சொல்லப்போய், ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சாமியாரிடம் சொல்லும்படி அம்மா பிடித்துத் தள்ளினாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் காலை ரயிலில் வந்தார். குளுவாங்குக்கும் வடக்கே, ரப்பர் காட்டுக்கு நடுவில் இருந்தது அவருடைய நிலையம். யாழ்ப்பாணத்துக்காரர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்டேஷனில் மாட்டியிருந்த படத்தைக் கறையான் அரித்துவிட்டது. தகடு உங்களிடம் இருக்குமா என்று கேட்டார். அண்ணன் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மனிதர்களை மறைத்துவிட்டு, நாயை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வேண்டும் என்றார் மாஸ்டர். நாய் செத்துப்போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. மனைவிக்குக் கொடுக்க வேண்டும்.

கேட்கக் கேட்கத்தான் மீதி வந்தது. கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் காட்டுக்கு வந்த அந்த அம்மாவுக்குச் சுற்று வட்டாரத்தில் பேச்சுத் துணை இல்லை. பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்துப் பக்கமிருந்து வந்து ஒட்டிக்கொண்ட அந்த வெள்ளைக் குட்டிதான் துணை. அதைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்களாம். ஸ்டேஷன் போர்ட்டரையும் அவர்கள் தம்பி என்றே கூப்பிட்டதால், ஒரு குரலுக்கு இரண்டு பேரும் ஓடி வருவார்களாம். சொல்லும்போது மாஸ்டர் கொஞ்சம் சிரித்தார். பிறகு, தான் பச்சைக் கொடி காட்டிய கூட்ஸ் வண்டியில்தான் அது அடிபட்டது என்றார். வண்டி ஓட்டியவரைச் சொல்லியும் குற்றமில்லை, இவரைச் சொல்லியும் குற்றமில்லை. நாய் தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்கு ஓடியிருக்கிறது. ஆனால் கொடி அவர் கையில் இருந்தது.

“அண்டையிலிருந்து வீட்டில கதை இல்லை,” என்றார்.

எனக்குப் புரியவில்லை. வீட்டில் கதைப்புத்தகம் இல்லை என்று எதற்கு எங்களிடம் சொல்கிறார் என்று விழித்தேன். அண்ணன்தான் என்னை உள்ளே கூப்பிட்டு, “கதைன்னா அவங்க பாஷையில பேச்சு. நாய் செத்த அன்னையிலிருந்து வீட்டம்மா பேசறது இல்லையாம். சோறு போடுவாங்களாம், துணி மடிச்சு வைப்பாங்களாம், வாயைத் திறக்கறது இல்லையாம்,” என்று விளக்கினார். மூன்று மாதம். ஒரு கூரைக்குக் கீழே இரண்டே பேர். அந்தப் படத்தை நம்பித்தான் அவர் ஒருநாள் விடுப்புப் போட்டு இவ்வளவு தூரம் வந்திருந்தார் என்பது எனக்கு அப்போது நன்றாகவே உறைத்தது. பாழாய்ப்போகிற வேலையாக இது ஆகக்கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

புறப்படும்போது வாசல்வரை போனவர் திரும்பி என் மேசைக்கு வந்தார். தகட்டில் அந்தக் கலங்கலை விரல் படாமல் காட்டி, “பிள்ளை, அந்த வாலை வடிவாப் பாருங்கோ,” என்றார். “சரி சார், நான் பாத்துக்கிறேன், நீங்க கவலைப்படாதீங்க,” என்றேன். வடிவு என்றால் எனக்குத் தெரியாதா என்ன? உருவம், அழகு. வாலுக்கு உருவமே இல்லாமல் கிடக்கிறது, மனுஷர் அதற்கு ஒரு வடிவம் கொடுக்கச் சொல்கிறார். ஒரு சொல்லில் அப்போதுதான் தடுக்கி விழுந்திருந்தேன். அடுத்த சொல்லிலும் குழி இருக்குமென்று தோன்றவே இல்லை.

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. தகட்டில் கை வைக்குமுன், இருப்பது இருந்தபடி ஒரு பிரதி போட்டு வைத்துவிட வேண்டும். மற்றவர்களுக்குத்தான் அந்தப் பயமெல்லாம் என்று நான் அதை விட்டேன். மூன்று நாள் அந்த வாலோடு இருந்தேன். கலங்கலைக் கத்தியால் மயிரிழை மயிரிழையாகச் சுரண்டி, பின்னாலிருந்த பிளாட்பார இருட்டோடு கலக்கவிட்டேன். பிறகு பென்சிலால் ஒரு வால் வரைந்தேன். வேரில் தடித்து, நுனியில் மெலிந்து, தரையில் அமைதியாகக் கிடக்கும் வால். ஒவ்வொரு மயிரும் தெரியும். அதைச் செய்யும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை ஒளிக்க விரும்பவில்லை. அசைவு என்பது குறை, குறை என்பது திருத்துவதற்கு என்று நம்பிய காலம் அது. இப்போது என் பேரப்பிள்ளைகள் எடுக்கும் படங்களில் கலங்கியவற்றைக் கழித்துக் குப்பையில் போடுகிறார்கள். நான் அவற்றைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்கிறேன். எதற்கு என்று கேட்டால் சொல்லி மாளாது.

இரண்டு வாரம் கழித்து மாஸ்டர் வந்தார். சட்டம் போட்ட படத்தை நானே துணியை விலக்கிக் காட்டினேன், பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக. அவர் முகத்தைத்தான் முதலில் பார்த்தார், நாயின் முகத்தை. உதடு லேசாக அசைந்தது. பிறகு பார்வை கீழே இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது.

“வால் எங்க?” என்றார்.

“இதோ இருக்கே சார். நீங்க சொன்ன மாதிரியே வடிவா செஞ்சிருக்கேன்.”

“வடிவாப் பாருங்கோ எண்டுதானே பிள்ளை சொன்னனான்.” குரல் உயரவில்லை. “வடிவா எண்டால் கவனமா. அதைக் கவனமாப் பாருங்கோ, அழிஞ்சு போகாமல் பாருங்கோ எண்டு.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உருவமே தெரியாத கலங்கலை யார் சார் காப்பாத்தச் சொல்வாங்க என்று கேட்டேவிட்டேன். அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே, படம் எடுத்த அன்று நடந்ததைச் சொன்னார். ஊழியர்கள் படம் என்பதால் அவர் மனைவி அதில் நிற்கவில்லை. அண்ணனுடைய காமிராவுக்குப் பக்கத்தில், குடையோடு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். “அவவைப் பாத்துத்தான் அது வாலை ஆட்டினது,” என்றார். “அந்தப் படத்தில அவ நிண்டதுக்கு இருந்த அடையாளம் அது ஒண்டுதான்.”

அண்ணன் உள்ளே இருந்து வந்து, என் முகத்தையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அலமாக், ஐயையோ. பிரதி போடாமலா சுரண்டுன?” என்று மட்டும் கேட்டார். அவர் அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மாஸ்டரை உட்காரவைத்து, அவர் கண் முன்னாலேயே பென்சிலை எடுத்து அந்தக் கலங்கலைத் திரும்ப வரையப் பார்த்தேன். தெளிவாக வரைவதுதான் என் கைக்குத் தெரியும். ஆட்டத்தை வரைய அதற்குத் தெரியவில்லை. வாலுக்குப் பின்னால் புகை கிளம்பியது போல வந்தது. மாஸ்டர் மெதுவாக என் பென்சிலைப் பிடித்து நிறுத்தினார். “விடுங்கோ பிள்ளை. நீங்கள் அதைப் பாக்கேல்லையே,” என்றார். படத்தை எடுத்துக்கொள்ளாமலே எழுந்தார். வெறும் கையோடு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிற மனிதரைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே வந்து உங்கள் வீட்டம்மாவிடம் சொல்கிறேன் என்றேன். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அந்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நானும் அண்ணனும் ரயில் ஏறினோம். வழியெல்லாம் ரப்பர் மரம்; மடியில் அந்தப் படம். ஸ்டேஷனை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்த அம்மா வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்துவிட்டு, வாங்கோ என்று தலையசைத்தார்கள். மெலிந்த, நிமிர்ந்த உருவம். மாஸ்டர் சுவரோரம் நின்றார், சொந்த வீட்டில் விருந்தாளி போல. நான் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஒத்திகை பார்த்து வந்தது பாதி மறந்துபோனது. சார் மேல தப்பில்லை, வாலைக் கவனமா பாக்கச் சொன்னாங்க, அம்மாவைப் பாத்து ஆட்டின வாலுன்னு எனக்குத் தெரியாது, நான்தான் அழகா இருக்கணும்னு சுரண்டிட்டேன், என்னை மன்னிச்சிருங்க என்று சொல்லி, படத்தை நீட்டினேன்.

அந்த அம்மா அதை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார்கள். நாயின் நெற்றியைக் கண்ணாடிக்கு மேல் ஒரு விரலால் தடவினார்கள். வாலைப் பார்த்தார்கள். அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை.

“ஆர் உங்களுக்கு வாலைப் பாக்கச் சொன்னது?”

“சார்தாம்மா.”

“என்னைப் பாத்து ஆட்டினது எண்டு அவர் சொன்னவரோ?”

“ஆமாம்மா.”

அந்த அம்மா, மாஸ்டர் நின்ற சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பக்கம் திரும்பி எத்தனை நாளாயிற்றோ, மாஸ்டர் சட்டென்று தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“நீங்கள் அதைக் கண்டனீங்களே?”

“கண்டனான்,” என்றார் அவர். “கறையான் அரிக்கும்வரைக்கும் ஒவ்வொரு நாளும் ஸ்டேஷனில அந்தப் படத்தைப் பாக்கிறனான்தானே.”

“அப்ப ஏன் எனக்கொரு நாளும் சொல்லேல்லை?”

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்த அம்மா அடுத்ததைக் கேட்டார்கள். அண்ணன் என் முழங்கையைத் தொட்டார்; இரண்டு பேரும் சத்தமில்லாமல் வெளியே வந்தோம். விருந்தினருக்கு ஒரு வாய் தேத்தண்ணீர் கொடுக்காமல் அனுப்புகிற வீடு அல்ல அது. ஆனால் அன்று எங்களை யாரும் இருக்கச் சொல்லவில்லை. பிளாட்பார பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். ஜொகூர் பாரு ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவ்வளவு நேரமும் குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து அவர்கள் இருவர் குரலும் வந்துகொண்டே இருந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அது சண்டைதான், நல்ல சண்டை. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.