கேர்னலைத் தேடி வந்த பொலிஸ்

இயங்குதளத்தை மூலநிரலில் இருந்து கட்டுகிற தொழிலில் கணினி வேலை செய்யும், நாம் கன்னத்தில் கைவைத்துக் காத்திருப்போம். இதில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் நிரல் எவருக்கும் திறந்தே கிடக்கும். அதை எடுத்து, நமக்கு வேண்டியபடி மாற்றிக் கணினியிடம் கொடுத்தால், அது மணிக்கணக்காக அரைத்து ஓடக்கூடிய ஒன்றாக்கித் தரும். அதன் நடுப்பகுதிக்குப் பெயர் கேர்னல். திரை, விசைப்பலகை, பிரிண்டர் எல்லாவற்றையும் மேய்ப்பது அதுதான். யுத்த காலத்தில் நானும் என்னோடு படித்த தயாவும் கொழும்பில் இதைச் செய்துதான் பிழைத்தோம்.

வீட்டுக்கார அக்கா

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு அறை எடுத்து இருந்தேன். என் கணினி பழசு. காலையில் கட்டத் தொடங்கினால் பின்னேரம்தான் முடிக்கும். முடிய இன்னும் கொஞ்சம்தான் என்ற நேரம் பார்த்து வீட்டுக்கார அக்கா புருஷனின் சேர்ட்டை அயன் பண்ணத் தொடங்குவா. ட்ரிப் சுவிட்ச் விழும். வீடு இருளும். என் அரை நாள் போய்விடும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "அக்கா, இதைத் திரும்ப முதலில இருந்து கட்டவேணும்" என்று அழாக்குறையாகச் சொன்னேன். அவ உண்மையாகவே இரங்கினா. "ஏன் தம்பி வீட்டில வச்சுக் கட்டுறீர்? கடையில கட்டி முடிச்சதே விக்கிறாங்களே."

கொட்டாஞ்சேனைத் துறைமுகம்

கொட்டாஞ்சேனையில் மரியதாஸ் அண்ணர் சின்ன அச்சகம் ஒன்று வைத்திருந்தார். மரண அறிவித்தல், தேவாலயத் திருநாள் நோட்டீஸ் எல்லாம் அவரிடம்தான். வைரஸ் தொல்லை தாங்காமல், லினக்ஸ் போட்டுத் தரச்சொல்லி எங்களைக் கூப்பிட்டார். "தேவையில்லாத ஒண்டும் இருக்கக்கூடாது, கண்டியோ" என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

கேர்னலைக் கட்டுமுன் அது ஆயிரம் கேள்வி கேட்கும்: இது வேணுமா, அது வேணுமா என்று. அண்ணர் பக்கத்தில் கதிரை போட்டு, பிளேன்ரீ குடித்தபடி ஒவ்வொன்றுக்கும் "வேண்டாம்" என்றார். "பெரலல் போர்ட்?" என்று வாசித்தேன். விளக்க வாயெடுக்குமுன், "போர்ட் இந்தா, ரோட்டு முடிவில கிடக்கு. இன்னொண்டு என்னத்துக்கு? வெட்டும்!" என்றார். அச்சகப் பையன்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வெட்டினேன். அந்தக் காலத்துப் பிரிண்டர் எல்லாம் அந்தப் போர்ட்டில்தான் கொழுவும். மறுநாள் அவர் போன் எடுத்தார். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "தம்பி, எல்லாம் நல்ல வேகமா ஓடுது. அச்சு மட்டும்தான் வரேல்ல. நான் நடத்திறது அச்சகம்."

கேர்னல் எங்கே?

கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனிக் கந்தோருக்குக் கட்டிய கணினி தெமட்டகொடையில் தயாவின் வீட்டில் கிடந்தது. அது எழும்பவில்லை என்று அறிந்து, காலி வீதிக் கொமியுனிகேஷன் கடைக்குப் போய் அவனுக்குப் போன் எடுத்தேன். லைன் சரியில்லை. கத்த வேண்டியிருந்தது. "கேர்னல் விழுந்திட்டுதோ? சரி, பழசை அழிச்சுப்போடு. நாளைக்குக் காலமை புதுக் கேர்னலோட கொள்ளுப்பிட்டிக்கு வாறன்!"

படையில் ஒரு பெரிய அதிகாரியின் பதவியைப் பத்திரிகைகளில் கேணல் என்று எழுதுவார்கள். வாயால் சொன்னால் இரண்டும் ஒன்று. இரண்டு பக்கத்துப் படையிலும் கேணல்மார் இருந்த காலம். கடையை விட்டு வெளியே வந்தபோது சிவில் உடுப்பில் இரண்டு பேர் நின்றார்கள்.

பொலிஸ் ஸ்டேஷன் மர வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மாற்றுடுப்பை ஒரு பையில் வைத்திருந்தார். முன்னனுபவம் உள்ளவர். விசாரணைக்கென்று வந்தவன் எப்போது வீடு போவான் என்று அந்த நாளில் எவராலும் சொல்ல முடியாது.

"யார் இந்தக் கேணல்? எங்கே இருக்கிறார்?" இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். "கம்ப்யூட்டருக்குள்ள, சேர்" என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. தயாவைக் கணினியோடு வரச்சொன்னார்கள். அவன் அதை மடியில் வைத்து, முகம் வெளிறி, த்ரீவீலரில் வந்து இறங்கினான். போட்டதும் திரையில் ஆங்கிலத்தில் வந்த செய்தி, கேர்னல் பீதியடைந்துவிட்டது என்பது. இன்ஸ்பெக்டர் அதை எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு எங்களைப் பார்த்தார். தயா என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அங்கே பின்னேர வகுப்பில் கணினி படிக்கிற பெண் பொலிஸ் ஒருவர் இருந்தார். அவர் எட்டிப் பார்த்து, "சேர், இது இங்கிலிஷ் கே எழுத்தில் தொடங்குகிறது. ஆமிக் கேணலுக்கு சீ" என்றார். அந்த ஓர் எழுத்தால் நாங்கள் வீடு வந்தோம். நாங்கள் எழும்பும்போது இன்ஸ்பெக்டர், தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டுச் சலித்துக்கொண்டார்: "மல்லி, இதுக்குத் தமிழில் ஒரு சொல் இல்லையா? இனிமேல் போனில் அதைச் சொல்லிக் கதை."

தமிழ்ச் சொல்

இருந்தது. எங்கோ ஒரு கலைச்சொல் தொகுப்பில் 'கரு' என்று போட்டிருந்தார்கள். இனி அதுதான் என்று நானும் தயாவும் முடிவு செய்தோம்.

பிறகு ஒருநாள் அதே கடை, அதே கரகரப்பு. "தயா, கரு தங்கேல்ல! கலைச்சுப்போட்டுத் திரும்பத் தொடங்குவம்!" என்று கத்தினேன். கவுண்டரில் இருந்த அன்ரி மிச்சக்காசைத் தராமல் என்னையே பார்த்தா. "தம்பி, முதல்ல அந்தப் பொம்பிளைப் பிள்ளையைக் கட்டும்."

கொழும்பில் இயங்குதளம் கட்டியவன் பதில் சொல்லவேண்டி வந்த கேள்விகளில், கணினி கேட்டவைதான் மிகச் சுலபமானவை.