வேலிக்கு வெளியே ஒரு குழாய்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் ஒரு தமிழ் நாளேட்டின் நிருபராக இருந்தேன். வட்டாரத் தண்ணீர்த் திட்டத்தை ஒருங்கிணைக்க அப்போது ஒரு குழு கூடும். மாவட்ட அலுவலகம், தண்ணீர் இலாகா, சாலை இலாகா, தோட்டக் கம்பெனிகள் என்று எல்லாருக்கும் அதில் நாற்காலி உண்டு. செய்தி எதுவும் கிடைக்காது என்பதால் என்னையும் உட்கார விட்டார்கள்.

சுவரை அடைத்த வரைபடத்தில் ஆயர் தாவார் வரை நீலக் கோடுகள் ஓடின. எங்கே அணை, எங்கே சுத்திகரிப்பு நிலையம், இன்னும் பிறக்காதவர்களுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. முடிவாகாமல் கிடந்தது லகாட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் குழாய் மட்டும்.

அந்தத் தோட்டத்தில் மரங்களை வெட்டியாகிவிட்டது. நிலத்தை வீடமைப்புக்கு விற்கக் கம்பெனி காத்திருந்தது. பம்பு பழுதானதும் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இருந்தவர்கள், ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய சுரங்கக் குட்டையில் தண்ணீர் எடுத்தார்கள். குழாயை உள்ளே விட்டால் ஆட்கள் கிளம்பமாட்டார்கள் என்று கம்பெனி அனுமதி தரவில்லை. தண்ணீர் இலாகா சாலையோரமாகக் குழாய் நட்டது. குழாய்க்கும் முள்கம்பி வேலிக்கும் நடுவே சாலை இலாகாவின் கால்வாய்; அதைத் தாண்டிக் குழாய் எதுவும் பதிக்கக் கூடாது என்பது விதி. தோட்டத்து வாசல் கேட்டு மறுகோடியில் இருந்தது; சுற்றி வர ஒரு மணி நேரம் ஆகும்.

தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று குழுவில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. அதனாலேயே யாரையும் எதிர்த்து வெல்ல முடியவில்லை.

கடைசியில் குழு நேரில் பார்க்கப் போனது. வேலிக்கு உள்ளே, முன்பு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய ஒரு அம்மாள் நின்றிருந்தார். மகள் பிரசவமாகி வந்திருந்தாள். குட்டைத் தண்ணீரில் குளிப்பாட்டி, குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. குழாய்த் தண்ணீரில்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரித் தாதி சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த அம்மாள் நீண்ட மூங்கில் கழியின் நுனியில் பால் டின்னைக் கட்டி, வேலி வழியே நீட்டி, குழாயிலிருந்து தண்ணீர் பிடித்துக் காட்டினார். குழாயைத் திறந்துவிட்டவர் தண்ணீர் இலாகா இன்ஜினியர், யாழ்ப்பாணத்தார். இழுக்கும்போது பாதி கால்வாயில் போனது.

"பாருங்கய்யா, ஒரு வாளி ரொம்பறதுக்குள்ள புள்ள பள்ளிக்கூடம் போயிரும் லா."

கம்பெனிக்காக வந்திருந்தவர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. அவர் வீடும் வேலிக்கு உள்ளேதான்.

"கிராணியாரே, ஒங்க வீட்டுத் தொட்டியும் காஞ்சுதானே கெடக்கு? சொல்லுங்களேன்."

"அது வீட்டுல, அக்கா. இப்ப நான் கம்பெனி."

இன்ஜினியர் வேலியை மேலும் கீழும் பார்த்தார். "குழாய் வர ஏலாது. ஆக்கள் வர ஏலாது. தண்ணி மேலால பாய்ஞ்சு வந்தால்?"

எல்லாரும் கிராணியைப் பார்த்தார்கள். அவர் வேலிக்கு மேலே கை காட்டினார்.

"மழ வருது. கம்பெனி தடுக்குதா?"

தலைவரான மலாய் அதிகாரிக்கு இதை நான்தான் மொழிபெயர்த்தேன். அவர் முகம் மலர்ந்தது. வேலிக்கு மேல் பாயும் நீரை மழையாகக் கருதலாம் என்று அங்கேயே முடிவானது. அடுத்த வாரம் குழாயை உயர்த்தி, வாயை வேலிப் பக்கம் வளைத்தார்கள். தண்ணீர் கால்வாயைத் தாண்டி, வேலியைத் தாண்டி, உள்ளே விழுந்தது.

திருகு மட்டும் சாலைப் பக்கமே இருந்தது. உள்ளே இருப்பவர்கள் யாரும் அதைத் திறக்க முடியாது.

குழு மறுபடி கூடியது. அந்த வழியாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டர், காலையில் இறங்கித் திறந்துவிட்டு, திரும்பி வரும்போது மூட வேண்டும் என்று ஏற்பாடு. பஸ் கம்பெனிக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டது. பஸ் தாமதமானால் தண்ணீரும் தாமதம்.

ஒரு நாள் அந்த பஸ்ஸிலேயே போனேன். கண்டக்டர் இறங்கித் திறந்தார்; நானும் இறங்கிக்கொண்டேன், பஸ் போய்விட்டது. உள்ளே பெண்கள் தகரத் தகட்டைச் சாய்த்து வைத்து, தோம்பு என்ற பீப்பாய்களில் நீர் பிடித்தார்கள். அந்த அம்மாள் வேலியோரம் பலகை போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, பேரனைக் காலில் கிடத்தி, சவுக்காரம் தேய்க்க ஆரம்பித்தார்.

ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, தலையை ஆட்டிக்கொண்டே குழாயை இறுக்கி மூடினார். வீணாகிறதாம். என்னைப் பார்த்து, நின்றுகொண்டு பார்க்கிறாயே என்பதுபோல் முறைத்துவிட்டுப் போனார்.

"அண்ணே! தொறங்கண்ணே! கண்ணுல நொர போவுது!"

திறந்தேன். குழந்தை வீறிட்டது, பிறகு அழுகையை நிறுத்தியது. முதுகில் தடிப்பு வற்றத் தொடங்கியிருந்தது, சாலையிலிருந்தே தெரிந்தது. திரும்பி நடக்கப் பார்த்தேன்.

"எங்க போறீங்க? பின்னால ஆறு வீடு நிக்குது. இன்னொரு லாரி வந்தா?"

பஸ் திரும்பி வரும்வரை திருகுக்கு முன்னால் நின்றேன். அதற்குள் இரண்டு பேர் மூட வந்தார்கள்.