அக்கா போட்ட வெள்ளைத் துண்டு

மைதானத்தின் பார்வையாளர் படிகளுக்கு அடியில் ஓர் அறை. உள்ளே ரெக்சின் உறை போட்ட நீள மேஜை, எண்ணெய் பாட்டில்கள், ஆணியில் வெள்ளையும் சிவப்புமாகத் துண்டுகள். அந்த அறைக்கு மகாராணி என்றால் அது பிடியக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஓட்டக்காரப் பெண்களின் கால்களைப் பிடித்துவிட்டுப் பிடித்துவிட்டு இந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கணவர்கூடக் கோபம் வந்தால்தான் உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

வலி வந்தபின் போக்குவது அவருக்கு இரண்டாம் வேலை. வருமுன் தடுப்பதுதான் முதல் வேலை. கடும் பயிற்சி உள்ள காலைகளில் ஒவ்வொருத்தியும் வந்து மேஜையில் படுத்தாக வேண்டும். தொடை, கெண்டைக்கால், முன்கால் எலும்பின் ஓரம் என்று கட்டைவிரலை அழுத்திக்கொண்டே போவார். "இங்க தெரியுதா? இங்க?" வலியே இல்லை என்றுதான் எல்லாரும் சாதிப்பார்கள். வாய் சொல்வதை அக்கா காதில் வாங்க மாட்டார், விரல் சொல்வதைத்தான் கேட்பார். தசை இளகினால் தோளில் வெள்ளைத் துண்டு, ஓடலாம். இறுகிக் கிடந்தாலோ எலும்போரம் வீங்கியிருந்தாலோ சிவப்பு, அன்று ஓட்டம் கிடையாது. சிவப்பு விழுந்துவிட்டால் கோச் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

சிவப்புத் துண்டோடு மைதானத்தைக் குறுக்கே கடந்து வாசலுக்குப் போவதென்றால் பெண்களுக்கு உயிர் போகும். சிலர் அழுவார்கள். "இதுல என்னடி வெக்கம்? களைச்ச காலுக்கு ஓய்வு குடுக்கறது திருட்டா?" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவார். சொல்பவருக்கு என்ன, நடப்பது அவர் இல்லையே.

கைராசிக்காரி என்று பேர் பரவிவிட்டதால் சாயங்காலமும் வீட்டுக்கு ஆள் வந்தது. ஒருவருக்கு முதுகு, ஒருவருக்குக் கழுத்து. முடியாது என்று சொல்ல அக்காவுக்கு வாய் வராது. காசுக்காக இல்லை. "உங்க கை பட்டாலே போதும்க்கா" என்ற அந்த ஒரு பேச்சுக்கு மனுஷி மயங்கிவிடுவார். வலது கட்டைவிரல் முதலில் வலித்தது, அப்புறம் மரத்தது. கையிலிருந்து கண்ணாடித் தம்ளர் நழுவி உடைந்த அன்று, பஸ் ஓட்டும் கணவர் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார். "ஊருக்குத்தான் உபதேசமா? உனக்கு யாரு சிவப்புத் துண்டு போடறது?"

"உங்க வேலையப் பாருங்க."

மைதானத்தில் யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கட்டைவிரல் தோற்ற இடத்தில் முழங்கையை ஊன்றிச் சமாளித்தார். முழங்கைக்கு அழுத்தத் தெரியும், தொட்டுப் பார்த்துச் சொல்லத் தெரியாது. அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

தேர்வுப் போட்டி நெருங்கிய சமயம் நெட்டை வந்து படுத்தாள். காலே முக்கால்வாசி என்பதால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். இந்தத் தடவை அணியில் இடம் நிச்சயம் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்கால் எலும்பின் ஓரமாக அக்காவின் விரல் போனது. ஒன்றும் தெரியவில்லை. வீக்கம் இல்லாததால் தெரியவில்லையா, விரல் செத்ததால் தெரியவில்லையா? இன்னொரு கையால் ஒரு முறை தடவிப் பார்த்திருக்கலாம். அடுத்தவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வெள்ளைத் துண்டை எடுத்துப் போட்டார். அன்று பாதி ஓட்டத்தில் நெட்டை விழுந்தாள். எலும்பில் கீறல் என்றார் டாக்டர். போட்டி போயிற்று.

கட்டுப் போட்ட காலோடு அவள் மறுபடி அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தபோது கோச் வந்தார். "முன்னாடியே வலிச்சுதா?"

"லேசா வலிச்சுது சார். அக்கா கேட்டப்ப இல்லன்னுட்டேன்."

"அக்கா விரலுக்கே டிமிக்கி குடுத்திருக்கியே! வலிய மறைக்கறவங்களுக்கு இங்க இடமில்ல. பைய எடு."

பழி தன் பக்கம் வராமல் போனதில் பிடியக்காவுக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் பிற்பாடும் அவருக்கு உடம்பு கூசும்.

நெட்டை பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். "மன்னிச்சிருங்கக்கா. உங்க பேரக் கெடுத்துட்டேன்."

அக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "இவள அனுப்பாதீங்க சார். எல்லா பொண்ணுங்களும்தான் பொய் சொல்லுது. அதக் கண்டுபிடிக்கத்தானே நான் இருக்கேன்?" வலது கையை நீட்டிக் காட்டினார். "என் விரல் மரத்துப்போய் ரொம்ப நாளாச்சு. வெளிய சொல்ல மானம் இடம் குடுக்கல. அன்னிக்கு இவ கால நான் பாக்கவே இல்ல. பாத்த மாதிரி தடவிட்டு வெள்ளைய போட்டேன்."

கோச் நெட்டையிடம் இருந்த பையை வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்தார்.

நெட்டை அக்காவின் கையை இழுத்துக் கட்டைவிரலில் நகம் பதிய அழுத்தினாள். "இங்க தெரியுதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்லடி."

அவள் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. எட்டி ஆணியிலிருந்து சிவப்புத் துண்டை உருவி அக்காவின் தோளில் போட்டாள்.

வாசலுக்குப் போக வேறு வழி கிடையாது, மைதானத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். ஓடிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நின்று பார்த்தார்கள். இதில் என்ன வெட்கம் என்று எத்தனை பேரை இதே வழியில் சிரித்துக்கொண்டே அனுப்பியிருப்பார்! பாதி தூரம் போனதும் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளக் கை பரபரத்தது. அதை மட்டும் அவர் செய்யவில்லை. ஆனால் வாசல் வரும்வரை தலையை நிமிர்த்தவும் முடியவில்லை.